‘வேண்டும்போது’ உட்கொள்ளும் மாத்திரை
மனச்சோர்வு மருந்துடன் பதற்ற மாத்திரையைச் சேர்த்து உபயோகிக்கும் முறை

பெங்களூரில் அல்சூரை ஒட்டி அமைந்துள்ள மர்பி டவுன் பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம், மருந்துச் சீட்டில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுடன் அவர்களுடைய வாழ்க்கை நடைபெறுகிறது. இவற்றுள் மூன்றாவது மொழிக்குரிய சீட்டில் அடிக்கடி காணப்படும் ஒரு குறிப்பைச் சரிவர அறிந்து கொள்வது எவ்வளவு அவசியம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனச்சோர்வுக்கோ நீடித்த பதற்றத்துக்கோ சிகிச்சை பெறத் தொடங்கும் ஒருவருடைய சீட்டில் பல சமயங்களில் இரு மருந்துகள் எழுதப்பட்டிருக்கும். முதலாவது, நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டிய சோர்வகற்றும் மருந்து. இரண்டாவது, ஒரு சிறிய பதற்ற மாத்திரை. அதன் பக்கத்தில் ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று மூன்று எழுத்துக்கள் காணப்படும். மூழ்கும் கப்பல் அனுப்பும் அபயக் குறி என்று பலர் இதனை எண்ணுகின்றனர். ஆனால் மருத்துவத்தில் அது ‘சீ ஓபுஸ் சிட்’ என்னும் லத்தீன் தொடரின் சுருக்கம். ‘தேவைப்படின்’ என்பது அதன் பொருள்.

இதனையே பேச்சு வழக்கில் ‘வேண்டும்போது போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி விடுகிறோம். தமிழில் ‘வேண்டும்’ என்ற சொல்லுக்குத் தேவை என்பதும் பொருள். விருப்பம் என்பதும் பொருள். மருத்துவர் முதற் பொருளில் எழுதியதை நோயாளி இரண்டாம் பொருளில் பின்பற்றத் தொடங்கும்போதுதான் இச்சிகிச்சையின் பெரும்பாலான தொல்லைகள் தோன்றுகின்றன. இரு மருந்துகளும் சேர்வது தவறு என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. தக்க மேற்பார்வையில் அவை சேர்த்தே வழங்கப்படுகின்றன. எதற்காக, எவ்வளவு காலத்துக்கு, வேறு எவற்றை விலக்கி என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

இரு மருந்துகள், இரு வேகங்கள்

இவ்விரு மருந்து வகைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியவை. ஸ்விட்சர்லாந்து நாட்டு மனநோய் மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்பிரமின் என்னும் மருந்து மனச்சோர்வை நீக்குவதை 1957ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதே ஆண்டில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற ரசாயன விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில், ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஒரு பொருளுக்குப் பதற்றத்தைத் தணிக்கும் குணம் இருப்பது கண்டறியப்பட்டது. அதுவே 1960இல் விற்பனைக்கு வந்த குளோர்டயசிபாக்சைடு. அதனைத் தொடர்ந்து 1963இல் டயசிபாம் வெளிவந்தது. இவ்வினத்துக்குப் பென்சோடயசிபீன் என்பது பொதுப் பெயர். அல்பிரசோலம், லொரசிபாம், குளோனசிபாம் ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. இன்று பெரிதும் வழங்கும் சோர்வகற்றும் மருந்துகளில் ஒன்றாகிய ஃபுளுவாக்சிட்டின் 1987இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் முதலியன அதன் பின் வந்தவை.

இரண்டும் மூளையில் வேலை செய்கின்றன. எனினும் வேலை வேறு, வேகமும் வேறு. மூளையின் நரம்பு அணுக்களை அமைதிப்படுத்துவதற்கென்று ‘காபா’ என்னும் ரசாயனப் பொருள் இயற்கையாகவே அமைந்துள்ளது. பென்சோடயசிபீன் அப்பொருளின் செயலை வலுப்படுத்துகிறது. எனவே மாத்திரையை விழுங்கிய அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்குள் படபடப்பு அடங்குகிறது, தசை தளர்கிறது, தூக்கம் வருகிறது. மருந்து உடலை விட்டு நீங்கியதும் பயனும் நீங்கி விடுகிறது.

சோர்வகற்றும் மருந்தோ, செரொட்டோனின் போன்ற பொருள்கள் நரம்பு அணுக்களுக்கு இடையில் கூடுதலான நேரம் தங்கும்படி செய்கிறது. இம்மாறுதல் சில மணி நேரத்தில் நிகழ்ந்து விடுகிறது. ஆனால் அதற்கு ஏற்ப மூளை தன்னைச் சீரமைத்துக் கொள்ள வாரங்கள் பிடிக்கின்றன. பொதுவாக 2 முதல் 6 வாரங்களில் பயன் தெரிகிறது. இதற்கிடையே, முதல் சில நாட்களில் குமட்டல், தூக்கக் குறைவு, உள்ளம் நிலைகொள்ளாமை ஆகியவை சிலருக்குச் சற்று அதிகரிப்பதும் உண்டு.

ஏன் இரண்டும் சேர்த்து வழங்கப்படுகின்றன?

மேற்கூறிய இடைக்காலத்தைக் கடப்பதற்கே பதற்ற மாத்திரை துணையாக வழங்கப்படுகிறது. இம்முறையின் பயனை ஆராய்ந்த ‘காக்ரேன்’ ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2019இல் வெளியாயிற்று. 731 நோயாளிகள் பங்கு கொண்ட 10 ஆய்வுகளை அது சேர்த்து நோக்கியது. முதல் நான்கு வாரங்களில் இரு மருந்துகளும் பெற்றவர்கள், சோர்வகற்றும் மருந்தை மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் கூடுதலான நலம் அடைந்தனர். அதற்குப் பின் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவிலிருந்து நடைமுறைக்குரிய பாடம் தெளிவாகிறது. பதற்ற மாத்திரை ஆற்றைக் கடக்க உதவும் பரிசல் போன்றது. கரை சேர்ந்த பின்னும் அதனைத் தலையில் சுமந்து செல்வது பயனற்றது. நாளடைவில் அபாயமும் ஆகும். பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழுவினர் 1988ஆம் ஆண்டிலேயே, பென்சோடயசிபீன்களைக் கடும் பதற்றத்துக்கு 2 முதல் 4 வாரங்கள் வரையில் மட்டுமே வழங்க வேண்டுமென்று அறிவுறுத்தினர்.

இனி, நடைமுறையில் நேர்வதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் நோக்குவோம். மர்பி டவுனில் வசிக்கும் ஒரு குடும்பத் தலைவிக்கு இவ்விரு மருந்துகளும் எழுதித் தரப்பட்டன என்று கொள்வோம். முதல் வாரத்தில் அவர் இரண்டையும் உட்கொள்கிறார். சிறிய மாத்திரை அரை மணியில் நிம்மதி தருகிறது. பெரிய மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதேயன்றி வேறொன்றும் செய்ததாக அவருக்குத் தோன்றவில்லை. இரண்டாம் வாரத்தில் அவர் ஒரு முடிவுக்கு வருகிறார்: பெரியதை நிறுத்துகிறார், சிறியதைத் தொடர்கிறார். அவருடைய அனுபவத்தைக் கொண்டு பார்த்தால் அம்முடிவு நியாயமானதே. ஆனால் நோயைப் போக்கும் மருந்து நின்று விட்டது. நோயின் ஓர் அறிகுறியை மறைக்கும் மருந்து மட்டும் எஞ்சியது. இரண்டு மாதங்களுக்குள் உடல் அதற்குப் பழகிப் போகிறது. ஒரு மாத்திரை போதாமல் இரண்டாகிறது. ஒரு வேளை தவறினால் கைகால் நடுக்கமும் தூக்கமின்மையும் தோன்றுகின்றன. அவை மருந்து கிடைக்காமையால் தோன்றியவை என்பதை அறியாமல், நோய் முற்றி விட்டதென்று எண்ணி அவர் மேலும் ஒரு மாத்திரையை நாடுகிறார்.

‘பெரிய மாத்திரை வேலை செய்யவில்லை; இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?’ என்ற ஒரு கேள்வியை மருத்துவரிடம் அவர் கேட்டிருந்தால் இத்தொடர் நிகழ்ச்சியைத் தவிர்த்திருக்கலாம்.

ஒரே மாத்திரையில் இரு மருந்துகள்

நம் நாட்டில் மற்றொரு சிக்கலும் உண்டு. எஸ்சிட்டலோபிராமும் குளோனசிபாமும் ஒரே மாத்திரையாகச் சேர்க்கப்பட்டுப் பரவலாக விற்கப்படுகின்றன. பிரோபிரனலால் என்னும் மருந்துடன் பதற்ற மருந்தைச் சேர்த்த மாத்திரைகளும் உள்ளன. இத்தகைய கூட்டு மாத்திரையில் ‘தேவைப்படின்’ என்பதற்கே இடமில்லை. சோர்வகற்றும் மருந்தை நாள்தோறும் உட்கொள்பவர், தம்மை அறியாமல் பென்சோடயசிபீனையும் நாள்தோறும் உட்கொள்கிறார். ஒன்றைத் தொடர்ந்து மற்றொன்றை மட்டும் குறைப்பதும் இயலாது. கூட்டு மாத்திரையை உட்கொள்ளும் ஒருவர், வேறொரு மருத்துவர் எழுதிய தனிப் பதற்ற மாத்திரையையும் சேர்த்துக் கொண்டால் அளவு இரு மடங்காகி விடும். ஆகவே, அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரோடு நில்லாமல், அதன் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டுள்ள மருந்துப் பெயர்களையும் மருந்தாளரைக் கொண்டு படித்தறிந்து குறித்து வைத்துக் கொள்வது நலம்.

கல்லீரலில் நிகழ்வது

உட்கொண்ட மருந்துகளில் பெரும்பாலானவற்றைக் கல்லீரலிலுள்ள நொதிகள் சிதைத்து வெளியேற்றுகின்றன. ஒரு மருந்து அந்நொதியின் செயலைத் தடுக்குமாயின், அதே நொதியை நம்பியுள்ள மற்றொரு மருந்து உடலிலே தேங்கி விடும். ஃபுளுவாக்சமின் என்னும் சோர்வகற்றும் மருந்து, அல்பிரசோலம் இரத்தத்தில் இருக்கும் அளவை ஏறத்தாழ இரு மடங்காக்கும். ஃபுளுவாக்சிட்டின் அல்பிரசோலத்தையும் டயசிபாத்தையும் ஓரளவு உயர்த்தும். செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் ஆகியவற்றால் இத்தகைய விளைவு குறைவு. லொரசிபாம் வேறு வழியில் சிதைவதால் இத்தடைகளுக்கு அது பெரும்பாலும் உட்படுவதில்லை. எந்தப் பதற்ற மாத்திரையை எதனுடன் சேர்ப்பது என்பதை மருத்துவர் இவ்வேறுபாடுகளைக் கருதியே தீர்மானிக்கிறார். அண்டை வீட்டாருக்குப் பொருந்திய இணை நமக்குப் பொருந்தும் என்று கொள்ளலாகாது.

மனநோய்க்குத் தொடர்பில்லாத மருந்துகளும் இங்கே குறுக்கிடுகின்றன. படர்தாமரைக்காக நம் நாட்டில் மிகுதியாக வழங்கப்படும் இட்ராகனசோல், அல்பிரசோலம் சிதைவதை வன்மையாகத் தடுக்கும். இவ்விரண்டையும் சேர்க்கவே கூடாது. தோல் நோய் மருத்துவரிடம் பதற்ற மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்று பலருக்குத் தோன்றுவதில்லை. காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின் இதற்கு நேர் மாறாக நொதிகளைத் தூண்டி, பல பென்சோடயசிபீன்களின் பயனைக் குறைத்து விடும். மருந்துக்கு அடங்காத காசநோயில் வழங்கும் லினசோலிட், சோர்வகற்றும் மருந்துடன் சேர்ந்தால் செரொட்டோனினை அபாயகரமான அளவுக்கு உயர்த்தக் கூடும்.

பென்சோடயசிபீன் அல்லாத சில மருந்துகளும் ‘தேவைப்படின்’ என்று எழுதப்படுவதுண்டு. மேடை ஏறுமுன் தோன்றும் நெஞ்சுப் படபடப்புக்குத் தரப்படும் பிரோபிரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஃபுளுவாக்சிட்டின், பராக்சிட்டின், ஃபுளுவாக்சமின் ஆகியவற்றுடன் அது சேர்ந்தால் நாடித்துடிப்பு மிகக் குறையக் கூடும். ஹைட்ராக்சிசின் என்பது, எஸ்சிட்டலோபிராம், சிட்டலோபிராம் ஆகியவற்றுடன் சேருங்கால் இதயத்தின் மின்னோட்ட ஒழுங்கைப் பாதிக்கக் கூடியதாகையால் இதய நோயாளிகள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய சோர்வகற்றும் மருந்துகள் தாமே தூக்கம் தருபவை. அவற்றுடன் பதற்ற மாத்திரையும் சேர்ந்தால் மயக்கம் பெருகும். முதியோர் இரவில் எழுந்து நடக்கையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு இது ஒரு காரணமாகிறது.

மூன்றாவது பொருள்

பென்சோடயசிபீன் மட்டும் சற்று அதிகமாகிப் போனால், அது தனித்து உயிரைப் பறிப்பது அரிது. அபாயம் பெரும்பாலும் அதனுடன் சேரும் மூன்றாவது பொருளால் விளைகிறது. அவற்றுள் முதன்மையானது மது. மதுவும் பதற்ற மாத்திரையும் மூளையில் ஒரே திசையில் வேலை செய்பவை. இரண்டும் கூடினால் மயக்கம் ஆழ்ந்து மூச்சு குன்றி நின்று விடக் கூடும். குடும்பத்தில் ஒருவர் மாலையில் அருந்தும் வழக்கம் உடையவராயின், அதனை வெட்கத்தினால் மறைக்காமல் மருத்துவரிடம் கூறி விட வேண்டும்.

இரண்டாவது, அபின் இனத்தைச் சேர்ந்த வலி நிவாரணிகளும் இருமல் மருந்துகளும். டிரமடால், கோடின் ஆகியவை இவ்வினத்தவை. இவற்றைப் பென்சோடயசிபீனுடன் சேர்ப்பது குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. டிரமடாலுக்கு மற்றொரு தீமையும் உண்டு: சோர்வகற்றும் மருந்துடன் சேர்ந்து வலிப்பையும், செரொட்டோனின் மிகையையும் உண்டாக்கக் கூடும். இருமல் மருந்துகள் பலவற்றில் காணப்படும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் செரொட்டோனினை மிகைப்படுத்த வல்லது.

செரொட்டோனின் மிகையின் அறிகுறிகள் வியர்வை, நடுக்கம், தசைத் துடிப்பு, பேதி, காய்ச்சல், நிலைகொள்ளாமை ஆகியவை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இவற்றுள் பல பதற்றத்தின் அறிகுறிகளை ஒத்திருப்பதால், நோயாளி இதனையும் பதற்றமென்று எண்ணி ‘தேவைப்படும்’ மாத்திரையை விழுங்கி விட்டுப் படுத்துக் கொள்ளக் கூடும். புதிதாக ஒரு மருந்து சேர்ந்த பின்போ அளவு கூடிய பின்போ இவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எழுப்பியும் எழாத உறக்கம், மெதுவான மூச்சு, உதடு நீலமாதல் ஆகியவையும் காலதாமதத்தைப் பொறுக்காதவை.

‘தேவை’ என்பதன் வரையறை

அப்படியானால் ‘தேவை’ என்பதை எவ்வாறு வரையறுப்பது? மருந்துச் சீட்டைப் பெறும்போதே கீழ்க்கண்ட வினாக்களைக் கேட்டு, விடைகளைத் தமிழில் எழுதி வைத்துக் கொள்வது சிறந்த வழி.

1. எந்த அறிகுறி தோன்றினால் உட்கொள்ள வேண்டும்? எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்க்கலாம்?
2. ஒரு வேளைக்கு எவ்வளவு? ஒரு நாளில் அதிக அளவு எவ்வளவு? ஒரு வாரத்தில் எத்தனை நாட்களுக்கு மேல் ஆகாது?
3. இம்மாத்திரை எத்தனை வாரங்களுக்கு? நிறுத்துவது எவ்வாறு?
4. சோர்வகற்றும் மருந்தின் பயன் எப்போது தெரியும்? தெரியாவிடில் எந்த நாளில் மீண்டும் வர வேண்டும்?
5. நான் உட்கொள்ளும் மற்ற மருந்துகளுடன் இது சேரலாமா?

உட்கொண்ட ஒவ்வொரு முறையும் நாட்காட்டியில் ஒரு கோடு இட்டு வருவது எளிய பழக்கம். கோடுகள் வாரத்துக்கு வாரம் குறைந்து வந்தால் சிகிச்சை சரியான வழியில் செல்கிறது. கூடி வந்தால், அதிக மாத்திரைகளை வாங்குவதற்குப் பதிலாக மருத்துவரை முன்கூட்டியே காண்பதே முறை. மாத்திரை உட்கொண்ட வேளையில் ஆட்டோவோ இரு சக்கர வாகனமோ ஓட்டுதல், இயந்திரத்தில் வேலை செய்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கருவுற்றவர்களும், கருவுற எண்ணுபவர்களும் அதனை முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

நிறுத்தும் முறை

சில வாரங்களுக்கு மேல் நாள்தோறும் உட்கொண்ட பென்சோடயசிபீனைத் திடீரென்று நிறுத்தினால் கடும் பதற்றம், உறக்கமின்மை, சில சமயம் வலிப்பும் உண்டாகும். ஆகவே படிப்படியாகவே குறைக்க வேண்டும். 2025இல் வெளியான அமெரிக்க வழிகாட்டு நெறியொன்று, தொடக்கத்தில் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. சோர்வகற்றும் மருந்தையும் திடீரென்று நிறுத்தலாகாது. தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்ச்சி ஆகியவை தோன்றும். நலமடைந்த பின்னும் குறைந்தது ஆறு மாத காலம் அதனைத் தொடரும்படி மருத்துவர்கள் பொதுவாகக் கூறுகின்றனர்.

மருந்துக் கடையும் அரசாங்க ஏற்பாடுகளும்

அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், குளோர்டயசிபாக்சைடு முதலியவை ‘எச்-1’ அட்டவணையில் அடங்கியவை. 2014ஆம் ஆண்டு மார்ச்சு 1 முதல் நடைமுறையிலுள்ள இவ்விதியின்படி, மருந்துச் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது. நோயாளியின் பெயர், மருத்துவரின் பெயர், விற்ற அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். பழைய அட்டையைக் காட்டி ‘இதே மாத்திரை பத்து கொடுங்கள்’ என்று கேட்பவரை மருந்தாளர் திருப்பி அனுப்பினால், அவர் தம் கடமையைச் செய்கிறார் என்றே கொள்ள வேண்டும். எஞ்சிய மாத்திரையைக் கல்யாண வீட்டுப் படபடப்புக்கென்று உறவினருக்குக் கொடுப்பதும் தவறே. அவர் வேறென்ன உட்கொள்கிறார் என்பதை நாம் அறிய மாட்டோம்.

மர்பி டவுன் மக்களுக்கு இத்துறையில் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. சோர்வகற்றும் மருந்துகளும் பதற்ற மருந்துகளும் உலகில் தோன்றிய அதே பத்தாண்டில், 1954இல், பெங்களூரில் அகில இந்திய மனநல நிலையம் தொடங்கப் பெற்றது. 1974இல் அதுவும் மாநில மனநோய் மருத்துவமனையும் இணைந்து ‘நிம்ஹான்ஸ்’ என்னும் தேசிய நிலையமாயின. ஓசூர் சாலையிலுள்ள அந்நிலையத்துக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். அங்குச் செல்ல இயலாதவர்கள், 2022 அக்டோபர் 10இல் தொடங்கப் பெற்ற ‘டெலி-மானஸ்’ தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பெறலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சோர்வகற்றும் மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் சில சமயம் தலைதூக்குவதுண்டு. அவ்வாறு நேர்ந்தால் மருந்தைத் தாமே நிறுத்தாமல், வீட்டார் உடனிருந்து அன்றே உதவியை நாட வேண்டும். மாத்திரைகளை வீட்டில் மற்றொருவர் பொறுப்பில் வைப்பது நல்லது.

நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் குறையுடன் வாழ்ந்து வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. இந்நிலையில், தயக்கத்தை விட்டுச் சிகிச்சைக்கு வந்த ஒருவர் ஒரு குறிப்பைத் தவறாக விளங்கிக் கொண்டதால் இடையில் நின்று போவது வருந்தத்தக்கது. சீட்டில் ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதப்பட்டிருந்தால், அதன் அருகே எந்த அறிகுறிக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்றையும் தாம் படிக்கும் மொழியில் எழுதித் தரும்படி கேட்கத் தயங்க வேண்டாம். அவ்வாறு கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பதாகாது. அவர் எழுதிய மருந்து அவர் கருதிய வண்ணமே பயன்படுவதற்கு நாம் செய்யும் உதவி அது.